டெக்சாஸில் உங்கள் காரை டோ செய்துவிட்டார்களா? மீட்பது முதல் பணத்தைத் திரும்பக் கேட்பது வரை முழு வழிகாட்டி

2022 நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலு பார்க்க ஆஸ்டினிலிருந்து நண்பன் குடும்பத்தோடு வந்திருந்தான். நாங்கள் அப்போது இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். பின்வாசல் வழியாக உள்ளே வந்தவன் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் காரை நிறுத்திவிட்டு மேலே வந்துவிட்டான். சுண்டல் சாப்பிட்டு, பிள்ளைகள் பாட்டுப் பாடி, பதினோரு மணிக்குக் கீழே இறங்கினால் கார் இல்லை. குழந்தையின் கார் சீட்டும் மருந்துப் பையும் காரோடு போயிருந்தன.

இரவு ஒரு மணிக்கு, இழுத்துப்போன (டோ செய்த) கார்களைப் பூட்டி வைக்கும் யார்டில் 340 டாலர் சொச்சம் கட்டி வண்டியை எடுத்தோம். மறுநாள் காலையில் அவன் சொன்னது, "விடுடா, போனது போகட்டும், கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கு எதுக்கு?" நம்மில் பலரும் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறோம். ஊருக்குப் புதிது, விசாவில் இருக்கிறோம், கோர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே கை நடுங்குகிறது. ஆனால் டெக்சாஸில் இதற்கென்றே எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது, 20 டாலர் கட்டணத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கக்கூடிய விசாரணை இருக்கிறது, அந்த விசாரணையில்தான் அவன் பணம் முழுவதும் திரும்பி வந்தது. அன்று இரவு எங்களுக்கு எதுவும் தெரியாது. பிறகு சட்டத்தை உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த டோ பற்றிப் பேசுகிறோம்

வண்டி நடுவழியில் நின்றுபோய் நீங்களே போன் செய்து டோ டிரக்கை வரவழைத்தால் அது உங்கள் சம்மதத்தோடு நடப்பது. அதற்கு என்ன விலை என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பேச்சு, அரசு தலையிடாது. உங்களைக் கேட்காமல் வண்டியை எடுத்துப்போனால்தான் இந்தச் சட்டம் வருகிறது. அதிலும் இரண்டு வகை. ஒன்று அபார்ட்மென்ட், கடை வளாகம், கோயில் பக்கத்து ஆபீஸ் பார்க்கிங் மாதிரி தனியார் இடத்திலிருந்து இடத்துக்காரர் சொல்லி எடுப்பது. இன்னொன்று விபத்து, கைவிடப்பட்ட வண்டி போன்ற காரணங்களுக்காகப் போலீஸ் சொல்லி எடுப்பது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகை பற்றியது. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். போலீஸ் டோவுக்கும் பின்னால் சொல்லப்போகும் விசாரணை உரிமை உண்டு, அங்கே பதில் சொல்லவேண்டியது போலீஸ் துறை என்பதுதான் வித்தியாசம்.

டோ டிரக், அதை ஓட்டுபவர், வண்டியைக் கொண்டுபோய் வைக்கும் யார்டு, மூன்றுக்குமே டி.டி.எல்.ஆர். எனப்படும் டெக்சாஸ் மாநில உரிமத் துறையின் உரிமம் வேண்டும். ஆக்குபேஷன்ஸ் கோட் என்ற மாநிலச் சட்டத் தொகுப்பில் 2308ஆம் அத்தியாயம் டோ பற்றியது, 2303ஆம் அத்தியாயம் யார்டு பற்றியது. இந்த இரண்டு எண்களை மட்டும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார்டு ஜன்னலில் நின்று பேசும்போது எண்ணைச் சொல்லிப் பேசுபவருக்குக் கிடைக்கும் பதிலே வேறு மாதிரி இருக்கிறது.

டிரக் வந்து நிற்கிறது, கார் இன்னும் போகவில்லை

இந்த நிலையில் நீங்கள் ஓடி வந்து சேர்ந்துவிட்டால் பாதிக்கு மேல் பிழைத்தீர்கள். வண்டியை முழுவதும் கொக்கியில் மாட்டி இழுக்கத் தயாராவதற்கு முன்பே வந்துவிட்டால் ஒரு பைசா தராமல் எடுத்துக்கொண்டு போகலாம். முழுவதும் மாட்டியாகிவிட்டது, ஆனால் வளாகத்தை விட்டு வெளியே போகவில்லை என்றால் டிராப் கட்டணம் கட்டி அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். சாதாரண கார், எஸ்.யூ.வி. போன்ற, 10,000 பவுண்டுக்கு மேற்படாத வண்டிக்கு 2022இல் மாநில உச்சவரம்பு டோவுக்கு 272 டாலர், டிராப்புக்கு அதில் ஏறக்குறைய பாதி. "மாட்டியாச்சு, இனி யார்டுக்கு வந்துதான் வாங்கணும்" என்று ஓட்டுநர் சொன்னால் அது சரியில்லை. பணம் கொடுத்து இங்கேயே எடுக்கலாம் என்பதைச் சொல்லவேண்டியதே அவர் கடமை.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காருக்குள் ஏறி உட்காருவது, டிரக்குக்கு முன்னால் போய் நிற்பது, கொக்கியைக் கழற்றப் பார்ப்பது, எதுவும் வேண்டாம். கை கால் போகும் அபாயம் ஒரு பக்கம், போலீஸ் வந்தால் விஷயமே வேறாகிவிடும். போனை எடுத்து வீடியோ எடுங்கள், மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது தெரியும்படி. டிரக்கின் பக்கவாட்டில் கம்பெனி பெயரும் டி.டி.எல்.ஆர். எண்ணும் எழுதியிருக்கும், அதுவும் வீடியோவில் விழட்டும்.

கார் காணோம்: முதல் அரை மணி நேரம்

திருடு போயிற்றா டோ ஆயிற்றா என்ற குழப்பம்தான் முதலில் வரும். திருட்டு என்று புகார் கொடுப்பதற்கு முன்னால் அந்த நகரப் போலீஸின் அவசரமல்லாத எண்ணுக்கு அழைத்து நம்பர் பிளேட்டைச் சொல்லுங்கள். வண்டி யார்டுக்குள் வந்த 2 மணி நேரத்துக்குள் அந்த யார்டு உள்ளூர்ப் போலீஸுக்குத் தகவல் தந்தாகவேண்டும், அதனால் எங்கே இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியும். எடுத்துப்போய் சில நிமிடம்தான் ஆகிறது என்றால் இன்னும் பதிவாகியிருக்காது, அப்போது வளாகத்தின் நுழைவில் உள்ள டோ எச்சரிக்கைப் போர்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணில் 24 மணி நேரமும் ஆள் எடுக்கவேண்டும் என்பது சட்டம்.

லீசிங் ஆபீஸை இரவில் அழைத்துப் பயனில்லை. காலையில் பேசுங்கள், அதுவும் மின்னஞ்சலில் பேசுங்கள். வாய்ப்பேச்சைக் கோர்ட்டில் நிரூபிப்பது கடினம்.

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம்

யார்டுக்கு ஓடும் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். எங்களுக்கு அன்று இது தோன்றியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும், நண்பனின் மனைவி "இங்க போர்டு எதுவும் இருந்த மாதிரியே இல்லையே" என்று கேட்டதால் தோன்றியது.

கார் நின்ற இடத்தைப் படம் எடுங்கள். தரையில் எழுத்து, எண், கோடு ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்று தெரியும்படி. அப்புறம் நீங்கள் எந்த வாசல் வழியாக நுழைந்தீர்களோ அந்த வாசலுக்கு நடந்து போய், வெளியிலிருந்து உள்ளே வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதே கோணத்தில் படமும் வீடியோவும் எடுங்கள். போர்டு இருந்தால் அதன் எழுத்து படிக்கும்படி நெருங்கி ஒன்று. இல்லையென்றால் இடது பக்கம், வலது பக்கம், இரண்டிலும் ஒன்றுமில்லை என்று தெரியும்படி ஒன்று. மரக்கிளை மறைத்திருந்தால், விளக்கில்லாமல் இருட்டாக இருந்தால், அதையும். சில நாள் கழித்துப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அதற்குள் புதுப் போர்டு முளைத்துவிடலாம்.

யார்டில்

கோபமாகத்தான் இருக்கும், ஆனாலும் அன்றைக்கே பணம் கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். "நான் தப்பே செய்யலை, கட்ட மாட்டேன்" என்று நின்றால் தினமும் வாடகை ஏறும், கடைசியில் அதுவும் உங்கள் தலையில்தான். கட்டுவதால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது. கட்டிய பிறகும் விசாரணை கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

இரவிலும் வண்டிகளை ஏற்கும் யார்டு, இரவிலும் விடுவிக்கவேண்டும், நீங்கள் சொல்லி ஒரு மணி நேரத்துக்குள். ரொக்கம் மட்டும்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு இரண்டையும் ஏற்றாகவேண்டும், ஏற்கிறோம் என்று போர்டே வைத்திருக்கவேண்டும். மின்சாரம் போனது, இயந்திரம் பழுது போன்று அவர்கள் கையில் இல்லாத காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். என் யோசனை, கையில் ரொக்கம் இருந்தாலும் கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள், அதற்கென்று தனியாக ஒரு பதிவு இருக்கும்.

அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ, வண்டி உங்களுடையது என்பதற்கு டைட்டில், ரெஜிஸ்ட்ரேஷன், அல்லது உங்கள் பெயர் உள்ள இன்சூரன்ஸ் அட்டை போதும். அவை காருக்குள்ளேயே இருந்தால்? நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான், எல்லாம் டேஷ்போர்டு பெட்டிக்குள். உரிமையை நிரூபிக்கும் காகிதத்தை எடுக்க உங்களைக் காருக்குள் பார்க்க விடவேண்டும் என்று 2303ஆம் அத்தியாயம் சொல்கிறது. வண்டி கணவர் பெயரில், அவர் ஊரில் இல்லை என்றால் நோட்டரி செய்த அதிகாரப் பத்திரம் கேட்பார்கள். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரையும் ரெஜிஸ்ட்ரேஷனிலும் இன்சூரன்ஸிலும் போட்டு வைப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது.

யார்டை விட்டு வண்டியை ஓட்டி வெளியே வருவதற்கு முன் நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். பம்பர், சக்கரத்தின் விளிம்பு, அடிப்பகுதி. கீறல், நசுங்கல் ஏதாவது இருந்தால் யார்டின் விளக்கு வெளிச்சத்திலேயே படம் எடுத்து, ரசீதின் மேல் எழுதச் சொல்லுங்கள்.

ரசீதை வரி வரியாகப் படியுங்கள்

ரசீதில் ஒவ்வொரு கட்டணமும் தனித்தனியாக இருக்கவேண்டும். நியாயமாக அதில் இருக்கக்கூடியவை நான்குதான்.

டோ கட்டணத்துக்கு மாநில உச்சவரம்பு உண்டு என்று மேலே சொன்னேன். சில நகரங்கள் தங்கள் எல்லைக்கென்று தனியாகக் கட்டணம் வைத்திருக்கின்றன, அதனால் எந்த நகரத்தில் வண்டி எடுக்கப்பட்டதோ அந்த நகரத்தின் கட்டணத்தையும் பார்த்துவிடுங்கள். மாநிலக் கட்டணம் அவ்வப்போது மாறும், டி.டி.எல்.ஆர். இணையதளத்தில் அன்றைய தொகை இருக்கும்.

அடுத்தது யார்டு வாடகை. 25 அடிக்கு மேற்படாத வண்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர் என்று சட்டத்தில் எழுதி, விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள், அதனால் இப்போது 20க்குச் சற்று மேல். நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு 11:50க்கு உள்ளே போன வண்டிக்கு 12 மணி தாண்டினால் இரண்டாவது நாள் தொடங்கிவிடும் என்றுதான் நினைப்போம், யார்டுக்காரர்களும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் மொத்தமாக 12 மணி நேரத்துக்குக் குறைவாகவே வண்டி அங்கே இருந்திருந்தால் ஒரு நாளுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அதே பிரிவில் தெளிவாக இருக்கிறது. நண்பனின் கார் யார்டில் இருந்தது மூன்று மணி நேரம்கூட இல்லை, ரசீதில் இரண்டு நாள் வாடகை. எங்களுக்கு அது அன்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் ஜன்னலிலேயே கேட்டிருப்போம். நீங்கள் கேளுங்கள். வண்டி உள்ளே வந்த நேரமும் வெளியே போகும் நேரமும் ரசீதில் இருக்கிறதா பார்த்து, இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது இம்பவுண்ட் கட்டணம், வண்டியைப் பத்திரமாகப் பூட்டி, பட்டியல் எடுத்து வைப்பதற்கு. அதுவும் 20 டாலர் அளவில்தான், ஒரு முறைதான், நாள் கணக்கில் கிடையாது. நான்காவது அறிவிப்புக் கட்டணம், 50 டாலர் வரை. வண்டி எங்களிடம் இருக்கிறது என்று உரிமையாளருக்குக் கடிதம் அனுப்புவதற்காக வாங்குவது. வண்டி வந்த 24 மணி நேரத்துக்குள் நீங்களே போய் எடுத்துவிட்டால் கடிதம் அனுப்பவேண்டிய தேவையே இல்லை, ஆகவே அந்த 50 டாலர் ரசீதில் வரக்கூடாது. அன்றிரவே வந்து நிற்பவரிடமும் அதைச் சேர்த்து வாங்கிய கதைகளைக் கேட்டிருக்கிறேன், இந்த வரியை மறக்காமல் பாருங்கள்.

இவற்றுக்கு மேல் யார்டு வாடகைக்கு விற்பனை வரி வரும், சில டாலர்தான். நிர்வாகச் செலவு, இரவு நேரக் கட்டணம், கேட் திறக்கும் கட்டணம் என்று எந்தப் பெயரில் எதைச் சேர்த்தாலும் யார்டு அதை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆக, அன்றிரவே எடுக்கும் சாதாரண காருக்கு அன்றைய கணக்கில் ஏறத்தாழ 320 டாலர் வரவேண்டும். ஒரு வாரம் விட்டால் அதே கார் 500ஐத் தாண்டிவிடும்.

பணம் கட்டும்போது ஒரு அறிவிப்புத் தாளும் தரவேண்டும். விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, எந்த கோர்ட்டில் கேட்கவேண்டும், வண்டியை எடுக்கச் சொன்னது யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொடி எழுத்தில், ரசீதின் பின்பக்கத்தில்கூட இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போர்டு சரியாக இருந்ததா

தனியார் இடத்திலிருந்து உங்களைக் கேட்காமல் எடுக்க வழக்கமாக அவர்கள் காட்டும் ஆதாரம் டோ போர்டு. அந்தப் போர்டு எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சட்டம் அங்குலக் கணக்கில் எழுதியிருக்கிறது, நம் பக்கத்து பலமே இதுதான்.

வண்டி நுழையக்கூடிய ஒவ்வொரு வழியிலும், பின்பக்கச் சந்து வழியாக நுழைய முடிந்தால் அங்கும், வலது பக்கமோ இடது பக்கமோ, உள்ளே வரும் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக ஒன்று இருக்கவேண்டும். நிரந்தரமாகக் கம்பத்திலோ சுவரிலோ பதித்திருக்கவேண்டும், தூக்கி வைத்துத் தூக்கி எடுக்கும் பலகை கணக்கில் வராது. அகலம் 18 அங்குலமாவது, உயரம் 24 அங்குலமாவது. கீழ் விளிம்பு தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாமலும் 8 அடிக்கு மேற்படாமலும். மேலே வெள்ளைப் பின்னணியில் சிவப்பாக, 4 அங்குல உயரத்துக்காவது, டோ டிரக் சின்னம். அதன் கீழ் யார் நிறுத்தலாம், மற்றவர்கள் நிறுத்தக்கூடாது என்பது, மீறினால் உரிமையாளர் செலவில் டோ செய்யப்படும் என்ற வாசகம், எந்த நாள் எந்த நேரம் இது அமலில் இருக்கும் என்பது. அடியில் ஏரியா கோடோடு போன் நம்பர். ஒவ்வொன்றையும் நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வளாகத்தின் முன்வாசலில் அழகான போர்டு இருந்தது. நண்பன் நுழைந்த பின்வாசலில் எதுவுமே இல்லை.

டோ செய்வதற்கு முந்தைய 24 மணி நேரமும் போர்டு அங்கே இருந்திருக்கவேண்டும் என்பதும் முக்கியம். நேற்று நிறுத்தி, இன்று போர்டு நட்டு, இன்றே எடுப்பது செல்லாது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தெளிவாகக் குறித்த தீயணைப்பு வண்டிப் பாதை, மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், வாசலை அடைத்து நிற்பது, இன்னொரு கார் வெளியே போகமுடியாமல் குறுக்கே நிற்பது, இவற்றில் மாட்டியிருந்தால் போர்டு வாதம் பெரிதாக உதவாது. மாற்றுத்திறனாளி இடத்தில் அட்டை இல்லாமல் நிறுத்தியவருக்காக நான் பரிந்து பேசவும் மாட்டேன். அங்கே கட்டணம் சரியாக வாங்கினார்களா என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் அந்த அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பார்க்கிங் விதி, டோ விதி ஏதாவது இருந்தால் வாடகை ஒப்பந்தம் போடும்போதே அதன் பிரதியை உங்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும், விதியை மாற்றினால் அமலுக்கு 14 நாள் முன்பே தெரிவிக்கவேண்டும். இது ப்ராபர்ட்டி கோட் என்ற மாநிலச் சட்டத் தொகுப்பில் 92.0131ஆம் பிரிவு. திடீரென்று ஒரு நாள் "இனிமேல் எல்லோரும் ஆப்பில் பதிவு செய்யணும்" என்று சொல்லிவிட்டு மறுநாளே டோ செய்திருந்தால் இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

அபார்ட்மென்ட்டுக்கும் டோ கம்பெனிக்கும் இடையே காசு கைமாறக்கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வண்டிக்கு இவ்வளவு என்று இடத்துக்காரர் பங்கு வாங்கக்கூடாது, டோ கம்பெனி அந்தப் பார்க்கிங்கில் பண லாபம் உள்ள பங்காளியாக இருக்கக்கூடாது. நிரூபிப்பது கடினம், ஆனால் சந்தேகம் வலுவாக இருந்தால் டி.டி.எல்.ஆர். புகாரில் எழுதலாம்.

விசாரணை கேட்பது: 14 நாள்

இனி முக்கியமான கெடு. வண்டி எடுக்கப்பட்ட நாளிலிருந்து 14ஆம் நாளுக்கு முன் விசாரணை கேட்டு மனு போடவேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் சேராது, அதனால் காலண்டரில் மூன்று வாரத்தை நெருங்கும். அந்த தைரியத்தில் தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

எந்த கோர்ட் என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். நீங்கள் குடியிருக்கும் இடமோ யார்டு இருக்கும் இடமோ அல்ல, கார் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த இடம் அடங்கும் கவுன்ட்டியின் ஜஸ்டிஸ் கோர்ட் (சிறு வழக்குகளைக் கேட்கும் உள்ளூர் நீதிமன்றம்). டாலஸ் கவுன்ட்டியில் 10, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் 16 ஜஸ்டிஸ் கோர்ட்டுகள் இருக்கின்றன, கார் நின்ற இடம் எந்தக் கவுன்ட்டி என்பதை முகவரியை வைத்துச் சரியாகப் பாருங்கள். கட்டணம் 20 டாலர்.

மனுவில் கேட்பது சிக்கலான சமாச்சாரம் இல்லை. உங்கள் பெயர், முகவரி, போன். எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தார்கள். எடுக்கச் சொன்னவர், டோ கம்பெனி, யார்டு, இந்த மூவரின் பெயர், முகவரி, போன். ரசீதின் நகல். அப்புறம் பார்க்கிங் இடத்திலிருந்த போர்டின் இடமும் எழுத்தும் தெரியும் புகைப்படம், போர்டே இல்லையென்றால் இல்லை என்று ஒரு வாக்குமூலம். பத்து நிமிடம் படம் எடுங்கள் என்று மேலே அவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான், படம் மனுவோடேயே போகவேண்டும். மனு வந்த 21 நாளுக்குள் கோர்ட் விசாரணை வைக்கவேண்டும்.

விசா பற்றிப் பயப்படுபவர்களுக்கு: இது சிவில் விசாரணை. உங்கள் மேல் யாரும் குற்றம் சாட்டவில்லை, நீங்கள்தான் கேள்வி கேட்பவர்.

கோர்ட் நாள்

ஜஸ்டிஸ் கோர்ட் ஒரு சின்ன ஹால். நீதிபதி பார்ப்பது இரண்டு விஷயம். காரை எடுக்கச் சட்டப்படி போதிய காரணம் இருந்ததா, வாங்கிய டோ கட்டணம் வரம்புக்குள் இருந்ததா. அபார்ட்மென்ட் மேனேஜர் மரியாதை இல்லாமல் பேசினார், குழந்தை அழுதது என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அங்கே பயன்படாது. படங்களை அச்சடித்து மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், போனில் காட்டலாம் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, நேரம், எந்த வாசல் என்று எழுதுங்கள். பேச ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் சொல்லவேண்டியதை அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துப்போய்ப் படியுங்கள்.

நண்பன் அன்று ஆஸ்டினிலிருந்து கிட்டத்தட்ட 200 மைல் ஓட்டிக்கொண்டு வந்தான். நீதிபதி பின்வாசல் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அபார்ட்மென்ட் சார்பில் வந்தவரிடம் "இந்த நுழைவில் உங்கள் போர்டு எங்கே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். முன்வாசல் போர்டின் படத்தைக் காட்டினார்கள். இவர் அந்த வழியாக வரவில்லையே என்றார் நீதிபதி. மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகியிருக்குமா, அவ்வளவுதான்.

சட்டக் காரணம் இல்லை என்று தீர்ப்பானால் டோ கட்டணத்தையும் யார்டு கட்டணத்தையும் எடுக்கச் சொன்னவர் திருப்பித் தரவேண்டும். கோர்ட் செலவு, நீங்கள் எடுத்த புகைப்படங்களின் செலவு இவற்றையும் நீதிபதி தரச் சொல்லலாம், அதனால் பிரிண்ட் போட்ட கடை ரசீதும் கையில் இருக்கட்டும். தெரிந்தே, வேண்டுமென்றே, அல்லது பொறுப்பே இல்லாமல் சட்டத்தை மீறினார்கள் என்று காட்டமுடிந்தால் 1,000 டாலரும் வாங்கிய கட்டணத்தின் மூன்று மடங்கும் கேட்டு வழக்குப் போடலாம் என்று 2308.404 சொல்கிறது. நாங்கள் அதுவரை போகவில்லை. அடிக்கடி ஒரே வளாகத்தில் இப்படி நடக்கிறது என்றால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து போவதில் நியாயம் இருக்கிறது.

தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் நீங்கள் கட்டியது கட்டியதுதான், அதற்கு மேல் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்கச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. படத்தில் போர்டு பளிச்சென்று தெரிந்தால் மனுப் போடுவதற்கு முன் நிதானமாக யோசியுங்கள்.

உரிமம் இல்லாத ஆள், கூடுதல் கட்டணம், கார்டு வாங்க மறுத்தது மாதிரி விஷயங்களுக்குக் கோர்ட்டோடு சேர்த்து டி.டி.எல்.ஆர். தளத்திலும் புகார் கொடுங்கள். உங்கள் பணத்தைப் பெற்றுத் தரும் வழி கோர்ட்தான், ஆனால் அடுத்தவருக்கு அதே கதை நடக்காமல் இருக்கப் புகார் உதவும்.

வருமுன்

விருந்தாளி வருகிறார் என்றால் அழைப்பு அனுப்பும்போதே எந்த வாசல், எந்தப் பார்க்கிங், பெர்மிட் எப்படி என்று சேர்த்து எழுதுங்கள். தீபாவளி, கொலு, பிறந்தநாள் போன்ற இரவுகளில் விசிட்டர் இடம் நிரம்பிவிடும், பக்கத்துக் கடை வளாகத்தில் நிறுத்தலாம் என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

ஆறு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கரின் மாதத்தைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். காலாவதியான ஸ்டிக்கருக்காக அபார்ட்மென்ட் உங்கள் காரை எடுக்கலாம், ஆனால் எழுத்தில் 10 நாள் அறிவிப்பு தந்த பிறகுதான். நீங்கள் மதுரையில் இருக்கும்போது இங்கே அந்த 10 நாள் ஓடிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு நள்ளிரவுக்கும் ஒரு நாள் வாடகை. யாரும் கேட்டு வராத வண்டியை, அறிவிப்புகள் அனுப்பிய பிறகு, ஏலத்திலும் விட்டுவிடுவார்கள். வாரம் ஒரு முறை கண்ணாடியில் ஏதாவது தாள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நண்பரிடம் சொல்லுங்கள், மாற்றுச் சாவியும் நோட்டரி செய்த அதிகாரப் பத்திரமும் அவரிடமே இருக்கட்டும்.